பின்வரிசை

கண்காட்சிக்கு வரும் போன்சாய் மரத்தில் குறை கண்டுபிடிப்பது கஷ்டம். கிளையை வளைத்திருந்த கம்பியைப் பெரும்பாலும் வெட்டி எடுத்திருப்பார்கள். தொட்டி விளிம்பில் படிந்த உப்பைத் தேய்த்துத் துடைத்து எண்ணெய் தடவியிருப்பார்கள். மண் தெரியாதபடி பாசி பதித்திருப்பார்கள். டோக்கியோவின் உயெனோவில் 1934-ல் தொடங்கிய கொகுஃபு கண்காட்சிக்கும், நம் ஊரில் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் கண்காட்சிக்கும் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. முறை மட்டும் ஒன்றுதான்: மரத்தின் முகப்பு நம்மைப் பார்த்திருக்கும், முதுகு சுவரைப் பார்த்திருக்கும்.

அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பல வருஷம் பாடுபட்டு வளர்த்ததை நாலு பேர் முன்னால் வைக்கும்போது நல்ல பக்கத்தைக் காட்டத்தான் தோன்றும். ஆனால் இந்த வேலையைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயங்கள் பெரும்பாலும் இன்னொருவர் வீட்டு மொட்டை மாடியில் கிடைத்தவை. அதுவும் முன்வரிசையைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனபோது கிடைத்தவை. பழைய பிளாஸ்டிக் தொட்டியில் அரைகுறையாக நிற்பவை, பூச்சி விழுந்தவை, கிளை பட்டுப்போனவை, என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுக்கி வைத்தவை எல்லாம் அங்கேதான் இருக்கும். மரம் வளர்ப்பவர் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. எல்லோரும் அங்கே கூட்டிக்கொண்டு போவதில்லை.

நான் சொல்லப்போகும் மாடி கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்கிறது. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவரின் வீடு. என்னைவிட வெகு மூத்தவர், எனக்கு அண்ணா; அவர் மனைவி எனக்கு அக்கா. மரங்களைப் பற்றி ஃபோனில் மணிக்கணக்காகப் பேசிப் பழகியிருந்தோமே தவிர, ஈரோட்டிலிருந்து கிளம்பி அவர் வீட்டுக்கு நான் போனது போன ஆனியில்தான்.

ஆனி, ஆடி என்றால் கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மேற்கே மலைத்தொடர் விட்டிருக்கும் அந்த ஒரு வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக ஊருக்குள் இறங்கும். நாலு விரல்கடை ஆழமுள்ள தட்டைத் தொட்டியில், தலை கனத்த மரம் அந்தக் காற்றில் எப்படி நிற்கும்? அவர் ஒவ்வொரு தொட்டியையும் இரும்பு மேசையோடு கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார். மேசை அவரே ஆங்கிள் வெட்டி வெல்டிங் வைத்தது. கம்பி, காயில் கட்டும் கடையில் பழைய மோட்டாரிலிருந்து உரித்துப் போட்ட செம்பு. மோட்டாரும் பம்பும் செய்யும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கிளை வளைக்கவும் அதைத்தான் வைத்துக்கொள்கிறார். அடுப்பில் போட்டுச் செக்கச் சிவக்கச் சுட்டு ஆறவைத்தால் செம்பு இளகிவிடும். கிளையில் சுற்றி ஒருமுறை வளைத்துவிட்டால் தானே இறுகி நிற்கும். போன்சாய்க்கென்று விற்கும் அலுமினியக் கம்பி கொஞ்சம் தடிமனாக இருந்தால்தான் கிளையைப் பிடிக்கும். செம்பு மெல்லிசாக இருந்தாலே போதும், பழுப்பேறியபின் கண்ணையும் உறுத்தாது.

“வாங்க, வாங்க. காத்தை எதுத்துக்கிட்டு வந்துட்டீங்களாட்ட” என்று படியிலேயே நின்று கூப்பிட்டார்.

இன்னொருவர் மரத்தைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. குனிய வேண்டும். நின்றபடி மேலேயிருந்து பார்த்தால் தெரிவது இலைக்கூட்டம்தான். கண் தொட்டி மட்டத்துக்கு இறங்கினால்தான் அது மரமாகும். முதலில் வேர் மண்ணைப் பிடித்திருக்கும் இடம். அங்கிருந்து அடிமரம், அது போகப்போக மெலியும் விதம், முதல் கிளை, கடைசியில்தான் தலை. பார்க்க வருபவர்களை இலையும் பூவும் மயக்கும். வளர்ப்பவர்கள் வேரில்தான் தொடங்குவார்கள். கேட்காமல் தொடக்கூடாது. பையில் கத்தரி இருந்தால் அது பையிலேயே இருக்க வேண்டும்.

முன்வரிசையில் முதலில் நின்றது ஓர் இச்சி. இடிக்கவிருந்த ஆலைச் சுவரில் முளைத்திருந்ததாம். சுவர் வெடிப்பில் முளைக்கும் இச்சிக்கும் அரசுக்கும் நம் ஊரில் என்ன கதி என்று எல்லோருக்கும் தெரியும்: வெட்டிவிட்டு வேரில் ஆசிட் ஊற்றுவார்கள். இவர் சுவர் இடிகிற நாள்வரை காத்திருந்து, செங்கல்லைத் தட்டித் தட்டி உதிர்த்து, வேர் அறாமல் எடுத்து வந்திருக்கிறார். “தொட்டுப் பாருங்க” என்றார். சுவரோடு ஒட்டி வளர்ந்ததால் வேர் ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. விரலை மேலிருந்து கீழே ஓட்டினால் சீரான இடைவெளியில் பள்ளங்கள் தட்டுப்பட்டன. செங்கல் இருந்த இடம் பள்ளம். இரண்டு செங்கலுக்கு நடுவில் சாந்து உதிர்ந்த இடத்தில் வேர் புகுந்து புடைத்திருந்தது. சுவர் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் வரிசை அந்த வேரில் அப்படியே இருக்கிறது.

பக்கத்தில் ஆல். ஆலுக்கு விழுது வேண்டும். கோவையின் வறண்ட காற்றில் சின்ன மரத்தின் விழுது மண்வரை இறங்காது, நடுவழியில் முனை கருகிவிடும். இளநீர்க் கடை ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி, கிளையின் அடியில் எட்டிப் பார்க்கும் வேர் முனையை அதற்குள் விட்டு, ஈரப் பாசி அடைத்து மண்ணில் ஊன்றியிருந்தார். ஸ்ட்ராவுக்குள் வெளிர் மஞ்சளாக ஓர் இழை பாதி தூரம் வந்திருந்தது. சென்னையில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் காற்றில் சாய்ந்துவிட்டது. அதன் விழுதுகள் ஊன்றி வளர்ந்து நிற்பதால் மரம் இன்றும் இருக்கிறது. ஆல் எங்கே நின்றாலும் அதன் ஏற்பாடு அதுதான். ஒரு முழ உயரத்தில் தொட்டியில் நிற்பதும் அதே ஏற்பாட்டைத்தான் செய்துகொண்டிருந்தது, இளநீர் ஸ்ட்ராவுக்குள்.

பிராய், காகிதப்பூ, புங்கை என்று வரிசை நீண்டது. ஒவ்வொன்றையும் பற்றி எழுத ஆசைதான். ஆனால் இந்த இடத்தில் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

மரத்தை இப்படிக் குறுக்கி வைப்பது பாவமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிப்பதில்லை. வேரையும் கிளையையும் பருவம் பார்த்துக் கத்தரித்தால் மரம் சாவதில்லை, புதுவேரும் புதுத்தளிரும் விடுகிறது. தொட்டியிலேயே சில நூற்றாண்டுகள் வாழ்ந்த மரங்கள் உண்டு. சுவரிலிருந்து எடுத்த இச்சிக்கு இதுதான் பிழைக்கும் வழி என்றும் சமாதானம் சொல்லலாம். நர்சரியில் வாங்கிய கன்றுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. நிலத்தில் நட்டிருந்தால் அது தன் தண்ணீரைத் தானே தேடிப் போயிருக்கும். தேடிப்போகும் வழியை அடைத்தது நான். அதனால் அதன் தாகம் என் பொறுப்பு, மழைக்காலம் தவிர ஒரு நாளும் தவறாமல். என்னிடம் இருக்கும் பதில் இது ஒன்றுதான். இது போதுமா என்று எனக்கு நிச்சயமில்லை. இந்த வீட்டில் அந்தப் பொறுப்பு என்னவென்று பார்த்தேன்: சித்திரை வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும் என்பதால், வெளியூர்க் கல்யாணத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போவதே இல்லை. ஒருவர் பந்தியில் இருந்தால் ஒருவர் மாடியில் இருப்பார்.

முன்வரிசை முடிந்ததும் அவர் படியை நோக்கித் திரும்பினார். மாடியின் கிழக்கு ஓரத்தில் பச்சை வலை கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் தொட்டிகள் தெரிந்தன.

“அங்க ஒண்ணுமில்லீங்க. எல்லாம் தேறாத கேஸு.”

“பாக்கலாமுங்களா அண்ணா?”

கொஞ்சம் யோசித்தார். பிறகு வலையைத் தூக்கிப் பிடித்தார்.

மாவுப்பூச்சி விழுந்து மொட்டையடித்த அரசு ஒன்று. பாதி அழுகி மீதி துளிர்த்திருந்த காகிதப்பூக் கட்டை. கம்பி இறுகிக் கிளை நெடுகத் திருகுத் தழும்பு விழுந்த இன்னோர் இச்சி. ஒரு ஜூனிபர். அந்த ஜூனிபரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். குளிர்நாட்டு மரம் அது. குளிர்காலத்து ஓய்வு இல்லாமல் சமவெளியில் நாள்பட நிற்பது அரிது. ஊட்டிப் பக்கமிருந்து ஆசைப்பட்டு வாங்கிவந்திருக்கிறார். இலை பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் ஜூனிபர் செத்தபிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். கொழுந்து முனையில் உயிர் இல்லை என்பது வளர்ப்பவர் எவருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். மண் ஈரமாக இருந்தது.

“போயிருச்சுன்னு தெரியுமுங்க. ஊத்தாம தாண்டிப் போக மனசு வரல” என்றார்.

முன்வரிசையில் நின்றபோது எனக்கு அவருடைய திறமை தெரிந்தது. இங்கே வந்தபிறகுதான் ஆளைத் தெரிந்தது. எதில் அவசரப்படுவார், எதை விடமாட்டார், எதில் ஆசை அறிவை மீறும் என்பதெல்லாம் அந்த வலைக்குள் இருந்தது. நாம் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது முடிந்த வேலைகளைத்தான். வீட்டுக்குக் கூப்பிடுவது வெள்ளையடித்த பிறகு. பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது வேலை கிடைத்த பிறகு. வியாதியைச் சொல்வது குணமான பிறகு. சொந்த பந்தம் எல்லோரும் வாசல் வழியாக வந்து வாசல் வழியாகவே போய்விடுகிறார்கள். கொல்லைப்புறம் வரை வருகிறவர் ஒருவரோ இருவரோதான். அந்த ஒருவர் இல்லாமல் ஒரு வாழ்க்கையை நடத்திவிட முடியுமா? நடத்தலாம். நிறையப் பேர் நடத்துகிறார்கள். ஆனால் முடியாமல் பாதியில் நிற்கும் காரியங்களை ஒருவரிடமும் காட்டாமல் ஒளித்து வைத்திருப்பதுதான் மனிதரைச் சீக்கிரம் களைப்பாக்குகிறது என்று நினைக்கிறேன். காரியம் முடியாததால் வரும் களைப்புகூட அதற்குப் பிறகுதான்.

ஜப்பானில் ஓமியா என்ற இடத்தில் போன்சாய்க்காரர்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. 1923-ல் டோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியபிறகு, நல்ல மண்ணும் தண்ணீரும் காற்றும் தேடி அங்கிருந்து கிளம்பிய வளர்ப்பாளர்கள் 1925-ல் உருவாக்கியது. இன்று அது சைதாமா நகரத்தின் ஒரு பகுதி. குடியேறுகிறவர்களுக்கு ஆரம்ப காலத்தில் அவர்கள் சில கட்டுப்பாடுகள் வைத்தார்கள். வீட்டுக்குப் பத்து போன்சாயாவது இருக்க வேண்டும். மாடி கட்டக்கூடாது. மதிலுக்குப் பதில் உயிர்வேலி. யார் வந்தாலும் பார்க்கும்படி வாசல் திறந்திருக்க வேண்டும். கடைசி விதியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மரம் விற்றுப் பிழைப்பவர்களுக்கு வாசலைத் திறந்து வைப்பது வியாபாரத்துக்கும் நல்லதுதான். ஆனால் அதை ஊர்க்கட்டுப்பாடாகவே வைத்தால், தோட்டத்தில் என்றைக்கும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கும் நிலையிலேயே வருகிறவர்களை உள்ளே விட வேண்டியிருக்கும். முடித்துவிட்டுத் திறக்கலாம் என்றால் போன்சாயில் அந்த நாள் வரவே வராது.

பின்வரிசையில் இன்னொன்றும் கவனித்தேன். முன்வரிசைத் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. போர் தண்ணீரின் வேலை. வலைக்குள் இருந்த தொட்டிகளில் அந்த உப்பே இல்லை. கேட்டேன்.

“அது அக்கா வேலைங்க. சிறுவாணித் தண்ணி வர்ற அன்னிக்குக் குடத்துல புடிச்சு வெச்சு, இதுகளுக்கு மட்டும் ஊத்துவா.”

சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோவைக்காரர்கள் பெருமை பேசாத நாள் கிடையாது. குழாயில் முறை வைத்து வரும் தண்ணீர் அது. அதில் ஒரு பங்கு தேறாத கேஸுகளுக்குப் போகிறது.

பின்வரிசையின் கடைசியில், வெயில் வேண்டும் என்பதற்காக வலைக்கு வெளியே நின்றது ஒரு புளி. சாலையை அகலப்படுத்த வெட்டிய பெரிய புளியமரத்தின் அடியில் முளைத்த கன்றாம். அடிமரப் பட்டை வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிரிந்து, வயதான மரத்தின் சாயல் முழுசாக வந்திருந்தது. முன்வரிசைக்குப் போயிருக்க வேண்டிய மரம். ஆனால் கிழக்குப் பக்கத்து முதல் கிளை மட்டும் மெலிந்து, இலை குறைந்துபோய் இருந்தது. மற்ற கிளைகள் தழைத்திருந்தன.

“இந்தக் கொப்பை எடுத்துரலாமான்னு ரெண்டு வருசமா யோசிக்கிறேனுங்க. நீங்க சொல்லுங்க” என்றார்.

நம் ஊரில் அடுத்தவர் வாழ்க்கைக்கு யோசனை சொல்ல யாரும் தயங்குவதில்லை. பையனை என்ன படிக்கவைப்பது, பெண்ணுக்கு ஏன் இன்னும் பார்க்கவில்லை, நிலத்தை விற்றுவிட்டு ஃபிளாட் வாங்கலாமே என்று நின்ற வாக்கில் தீர்ப்பு வரும். மரம் பார்க்க வருகிறவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. மாடி ஏறி மூச்சு வாங்குவதற்குள் ‘அதை வெட்டிடுங்க சார், பேலன்ஸ் வந்துரும்’ என்பார்கள். சொன்னவர் இறங்கிப் போய்விடுவார். வெட்டிய தழும்போடு இருக்கப்போவது மரமும் வீட்டுக்காரரும்.

அதற்காக வெளியாள் கண் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. வேண்டும், கட்டாயம் வேண்டும். தினமும் பார்ப்பவரின் கண்ணுக்குத்தான் மரம் முதலில் மறைந்துபோகிறது. கம்பி கிளையைக் கடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆல், இச்சி வகைகளில் வளர்ச்சி வேகமாக இருக்கும் மாதங்களில் சில வாரத்துக்குள் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறவருக்கு அது தெரியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இல்லை. மாதம் கழித்து வருகிற நண்பர் படி ஏறும்போதே பார்த்துவிடுவார். கணவன் மனைவிக்குள், அப்பா மகனுக்குள் இறுகுவதும் இப்படித்தான். உள்ளே இருப்பவர்கள் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். ஆகவே வெளியாள் பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்லவும் வேண்டும். சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் குனிந்து நின்றார் என்பதில்தான் அவருடைய சொல்லுக்கு மதிப்பு.

நான் புளியைச் சுற்றி வந்தேன். கிளை தொடங்கும் இடத்தில் காயம் இல்லை, பூச்சி இல்லை, கம்பித் தழும்பும் இல்லை. “எல்லாத்துக்கும் ஒரே உரம், ஒரே தண்ணி. இது மட்டும் ஏனுங்கண்ணா?” என்றேன். அவரும் அதே கேள்வியில்தான் நின்றிருந்தார். உரம் மாற்றிப் பார்த்தாயிற்று, கிளை நுனியைக் கிள்ளாமல் விட்டுப் பார்த்தாயிற்று. இருவரும் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மேலே வந்தார். நாங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, “அது அந்தச் செவுத்துச் சூடுங்க தம்பி” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி எடுத்து, இந்தப் பக்கத்துச் சுவருக்குப் பளிச்சென்று வெள்ளையடித்திருந்தார். கிழக்கே நிற்கும் அந்தச் சுவர் மத்தியானத்துக்கு மேல் மேற்கு வெயிலை வாங்கி அப்படியே திருப்பி அடிக்கிறது. “சித்திரையில மூணு மணிக்கு வந்து தொட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் தொட்டியில கை வெக்க முடியாது. இந்தப் பக்கம் சும்மா வெதுவெதுன்னுதான் இருக்கும்.”

“சொல்லவே இல்லையே?” என்றார் அவர்.

“சொன்னனே. வெயில்னா சுடத்தான் செய்யும்னீங்க.”

தொட்டியின் ஒரு பக்கம் அப்படிக் கொதித்தால் அந்தப் பக்கத்து வேர்கள் வெந்துபோகும். பல மரங்களில் ஒரு பக்கத்து வேர் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கிளைக்குத்தான் தண்ணீர் அனுப்புகிறது. வேர் போனால் கிளை சோரும். நாங்கள் இருவரும் மேலே தேடிக்கொண்டிருந்த காரணம் கீழே இருந்தது. இதற்காகத்தான் தொட்டிகளை அவ்வப்போது திருப்பி வைக்கச் சொல்வார்கள். வெயிலும் காற்றும் எல்லாப் பக்கமும் சமமாகப் பட வேண்டும். அவருக்குத் தெரியாத விஷயமா அது? முன்பெல்லாம் மாதாமாதம் திருப்பியவர்தான். ஒரு ஆடியில் பெரிய ஆல் ஒன்று காற்றில் விழுந்து தொட்டி உடைந்தபிறகு எல்லாவற்றையும் மேசையோடு கட்டினார். ஆடி போனதும் அவிழ்க்க வேண்டியது. அத்தனை முறுக்கையும் பிரித்து மறுபடி முறுக்குவது பெரிய வேலை என்று அப்படியே விட்டுவிட்டார். காற்றுக்காகப் போட்ட கட்டு காற்றில்லாத மாதங்களிலும் இருந்தது. புளி ஒரே பக்கத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் அந்த முறுக்கை விரலால் தடவிக்கொண்டே நின்றார். எனக்கு எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அம்மா பல மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். வீட்டில் சத்தம் கூடாது என்று அப்பா ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அம்மா எழுந்து நடமாடினார், சமைத்தார், ஊருக்கெல்லாம் போய்வந்தார். ரேடியோவை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாட்டில்லாத வீடாகவே அது இருந்துவிட்டது. அம்மாவுக்குப் பாட்டு எவ்வளவு பிடிக்கும் என்பதை வெகுநாள் கழித்து, வேறொரு வீட்டில், அவர் சேர்ந்து முணுமுணுத்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த நேரத்துக்கு அது சரியான ஏற்பாடு. இனி வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் வந்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு மரத்தின் பாணிகள் தெரியாது. சாய்ந்த மரம், அருவிச் சரிவு மரம், பாறை கவ்விய மரம் என்று நாங்கள் பேசும் பேச்சில் அவர் கலந்துகொள்வதில்லை. எந்தத் தொட்டி முதலில் காயும், எது தண்ணீரைக் குடிக்க மறுக்கும், எதன் மண் இறுகிவிட்டது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். நான் வெளியாளாகப் பார்த்தது கிளையை. அண்ணா வளர்த்தவராகப் பார்த்ததும் கிளையைத்தான். கூடவே இருந்து தண்ணீர் ஊற்றியவர் சூட்டைப் பார்த்திருக்கிறார்.

வாஷிங்டனில் அமெரிக்க தேசிய மரத்தோட்டத்து போன்சாய் அருங்காட்சியகத்தில் வெள்ளைப் பைன் ஒன்று இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்துவரும் மரம். அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டுக்காக 1976-ல் ஜப்பான் அனுப்பிய 53 போன்சாய்களில் ஒன்று. கொடுத்தவர் மசாரு யமாகி. கால் நூற்றாண்டு காலம் பார்வையாளர்கள் அதன் வயதையும் அழகையும் பார்த்துவிட்டுப் போனார்கள். 2001-ல் யமாகியின் பேரன்கள் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் மற்றது தெரியவந்தது: அந்தக் குடும்பம் ஹிரோஷிமாவைச் சேர்ந்தது. 1945 ஆகஸ்ட் 6-ல் குண்டு விழுந்த இடத்திலிருந்து அவர்களின் தோட்டம் சுமார் 3 கிலோமீட்டர். தோட்டத்துச் சுவர் மறைத்ததால் மரம் பிழைத்தது. குண்டு போட்ட நாட்டுக்கே அதைப் பரிசாகக் கொடுத்தவர் அந்த விஷயத்தை அங்கே பிரபலப்படுத்தவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றிய தோட்டக்காரர்கள், படித்த நிபுணர்கள், லட்சக்கணக்கில் வந்துபோனவர்கள் எல்லோரும் அந்த மரத்தை நன்றாகப் பார்த்தவர்கள்தான். அது எதைத் தாண்டி வந்தது என்பதைச் சொல்ல அந்த வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பேரன்களை நினைக்கிறேன். தாத்தா வீட்டில் நின்றிருந்த மரத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போனார்களே, அது எவ்வளவு நல்ல காரியம்.

அன்றைக்குக் கிளம்புவதற்கு முன் புளியின் கம்பிக் கட்டை மட்டும் அண்ணா குறட்டால் வெட்டி, தொட்டியைப் பாதி திருப்பி, மறுபடி கட்டினார். சுவர்ப் பக்கம் ஒரு சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார். வேரை எடுத்துப் பார்க்க அது நேரமில்லை. காற்று ஓயட்டும் என்று விட்டோம்.

ஆவணிக் கடைசியில் ஃபோன் செய்தார். மண்ணை மாற்றினாராம். கிழக்குப் பக்கம் தொட்டியை ஒட்டிய வேரெல்லாம் கருத்து, இழுத்தால் தோல் கழன்று வந்ததாம். நடுவில் இருந்த வேர்கள் உயிரோடு இருக்கின்றன. செங்கல் சல்லியும் மணலும் புதிதாகப் போட்டு நட்டிருக்கிறார். “கொப்பை வெட்டலீங்க. ரெண்டு வருசம் குடுத்துப் பாக்கலாமுன்னு அக்கா சொல்றா” என்றார். என் கணக்கில் அந்தக் கிளை கொஞ்சம் தாழ்வு, அது இல்லாமலே மரம் எடுப்பாக இருக்கும். சொன்னேன். “அதுவுஞ் சரிதானுங்க” என்றார். வெட்டமாட்டார் என்று தெரியும். எல்லாக் கட்டையும் அவிழ்த்தாயிற்று என்றும், இனிமேல் ஆனி பிறந்தால் கட்டி, ஆவணி பிறந்தால் அவிழ்ப்பது என்று காலண்டரில் குறித்தாயிற்று என்றும் சொன்னார்.

தையில் இருவரும் ஈரோடு வருகிறார்கள், சேர்ந்து. அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற அக்காவின் தம்பி மகனைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்களாம். என் மாடியில் முன்வரிசை குட்டை, பின்வரிசைதான் நீளம். அதில் ஒரு கொடுக்காப்புளி இருக்கிறது. எந்தப் பக்கத்தை முகப்பாக வைப்பது என்று முடிவு செய்ய முடியாமல் வெகுகாலமாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் வேர் நன்றாக இருக்கிறது, மறுபக்கம் கிளைகள். அண்ணாவிடம் கேட்க வேண்டும். அதற்கு முன் அக்காவிடம் ஒருநாள் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கொடுத்துவிட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்கப்போகிறேன்.